அடிக்கிறவன் பேசக் கூடாதா?

(புதுக்கோட்டையில் மாணவர்கள் கூடிய ஓர் அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆலங்குடிப் பக்கம் ஒரு சேரியில கூட்டம் முடிஞ்சு டீ குடிச்சிக்கிட்டு இருந்தோம். கல்லூரியில படிக்கிற ஒரு தம்பி வந்தான். "அண்ணே, எங்க தாத்தா காலத்துல ஊர்ச் சாவுக்குத் தப்பு அடிக்க மாட்டோம்னு சொல்லி அடி வாங்கினாங்க. இன்னைக்கு நீங்க மேடையில ஏறித் தப்பு அடிக்கச் சொல்றீங்க. ரெண்டுல எது சரி?" என்று கேட்டான். அன்னைக்கு எனக்குச் சட்டுன்னு பதில் வரல. இன்னைக்குப் பேசப் போறது அந்தத் தம்பிக்கான பதில்தான். அதைச் சில பாட்டுகளை வச்சுச் சொல்றேன்.

எங்கப்பா தப்பு அடிச்சவர். ஊர்ல ஒருத்தர் செத்தா ராத்திரியே ஆள் வந்துடும். வைக்கோலை மூட்டித் தப்பைக் காய்ச்சி, தெருமுனையில நின்னு விடிய விடிய அடிக்கணும். கூலின்னு பேருக்கு நெல்லு, கொஞ்சம் சாராயம். நான் சின்னப் பையனா நின்னு பார்த்த ஒண்ணு இன்னமும் மனசை விட்டுப் போகல. ஊரே அழுவுது, பேசுது, ஒப்பாரி வைக்குது. எங்கப்பா மட்டும் வாயே திறக்கல. "அடிறா"ன்னா அடிக்கணும், "நிறுத்துறா"ன்னா நிறுத்தணும். அந்தத் தாளத்துல ஊரே ஆடும். ஆனா தாளம் போட்டவனுக்குப் பேச்சு கிடையாது. சாதி அமைப்பு நம்மிடம் கையை மட்டும் கேட்டது. வாயைக் கட்டிப் போட்டது. பறையை இழிவாக்கியது தோல் அல்ல, அந்தக் கட்டுத்தான்.

இதை மனசில் வைத்துக்கொண்டு 2018க்கு வாருங்கள். அந்த வருஷம் ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 19 பேர். அதில் வடசென்னைக் கானாப் பாடகர்கள் உண்டு, அறிவு மாதிரி ராப் பாடுகிறவர்கள் உண்டு. மோளமும் பறையும் கிடாரும் ஒரே மேடையில் நின்றன. பெயரைச் சும்மா வைக்கவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்மைச் சாதியற்றவர்கள் என்று சொல்லிக்கொள்ளச் சொன்ன அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து எடுத்த பெயர் அது.

அந்த வருஷம் அவர்கள் வெளியிட்ட பாட்டுகளைக் கேட்டிருப்பீர்கள். இடஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு, வடசென்னையைப் பற்றி ஒரு பாட்டு, அம்பேத்கரைப் பற்றி ஒரு பாட்டு. ஊர்க்காரன் நம்மைப் பார்த்து ஏளனமாகச் சொல்கிற ஒவ்வொன்றையும் எடுத்து நடு மேடையில் வைத்தார்கள். கானா என்பது சாவு வீட்டில் பிறந்த பாட்டு. பறை சாவு வீட்டுக்கு என்று ஒதுக்கப்பட்ட கருவி. அடிக்கிற கையும் பேசுகிற வாயும் அங்கே ஒரே உடம்பில் சேர்ந்தன. எங்கப்பாவுக்குக் கிடைக்காதது அதுதான்.

"ராப் அமெரிக்கக்காரன் சரக்காச்சே, நமக்கு எதுக்கு?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அது யார் சரக்கு என்று பார்ப்போம். 1973 ஆகஸ்டு 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி. கறுப்பர்களும் வந்தேறிய ஏழைகளும் வாழ்ந்த இடம். நெடுஞ்சாலை போடுகிறோம் என்று வீடுகளை இடித்துக் குலைத்துப் போட்ட இடம். அங்கே கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா இளைஞர், தங்கச்சி வைத்த விருந்தில் இசைத்தட்டு போட்டார். பாட்டு நின்று மோளம் மட்டும் ஒலிக்கிற அந்தச் சின்ன இடம் வந்தால்தான் சனம் ஆடுது என்பதைக் கவனித்தார். இரண்டு தட்டுகளை வைத்து அந்த மோளத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார். அதன் மேல் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேச ஆரம்பித்தார். ஹிப் ஹாப் அவ்வளவுதான். மோளம், அதன் மேல் பேச்சு.

அதை அரசியலாக்கியவர்களில் முக்கியமானவர்கள் 'பப்ளிக் எனிமி' குழு, அதாவது 'பொது எதிரி'. தன்னைக் குற்றவாளி என்று பார்க்கிற அரசின் முகத்துக்கு நேராக, "ஆமா, எதிரிதான்" என்று பேர் வைத்துக்கொண்டார்கள். 1988இல் வந்த அவர்களது இரண்டாவது தொகுப்பின் தலைப்புக்கு, எங்களைத் தடுத்து நிறுத்த கோடிக்கணக்கான பேர் கொண்ட ஒரு தேசமே வேணும் என்று பொருள். சக் டி, ஃப்ளேவர் ஃப்ளேவ் இருவரும் குரல். பின்னால் நின்ற இசைக்கூட்டத்துக்குப் பேரே 'வெடிகுண்டுப் படை'. ஜேம்ஸ் பிரவுனின் மோளம், மால்கம் எக்ஸ் பேசிய பேச்சு, சைரன் சத்தம் என்று பழைய ஒலிகளிலிருந்து துண்டு துண்டாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். இப்படி வெட்டி எடுக்கிற துண்டுக்கு 'சாம்பிள்' என்று பேர். தமிழில் மாதிரி. செத்துப்போன தலைவனின் குரலைப் பேரப்பிள்ளைகளின் மோளத்தோடு சேர்த்துவிட்டார்கள். அந்தக் குழு 2020இலும் புதுத் தொகுப்பு போட்டது.

அவர்களிடமிருந்து எடுப்பதில் நமக்கு வெட்கம் ஏதும் இல்லை. 1946இலேயே பாபாசாகேப் கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகல் வேண்டும் என்று கேட்டார். 1966இல் ஓக்லண்டில் பிறந்தது கருஞ்சிறுத்தைகள் கட்சி. 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் வந்தார்கள். 1980களில் அந்தப் பேர் மதுரைக்கு வந்தது. கொடியும் பேரும் வந்த அதே பாதையில்தான் இப்போது தாளமும் வந்திருக்கிறது.

தோழர்களே, அந்த 'மாதிரி' என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். நம்ம மாவட்டத்தில் அதே சொல் வேறு அர்த்தத்தில் வந்தது. 2022 டிசம்பர் 26, வேங்கைவயல். நம் சனம் குடிக்கிற 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரிந்தது. மறுநாள் ஆட்சியர் வந்தபோது டீக்கடையில் இரட்டைக் குவளையும், கோயிலுக்குள் நுழைய முடியாத நிலையும் வெளிச்சத்துக்கு வந்தன. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அதன் பிறகு ரத்த மாதிரி கேட்டார்கள், குரல் மாதிரி கேட்டார்கள். பாதிக்கப்பட்ட எங்களையே குற்றவாளி ஆக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டுப் பலர் முதலில் ரத்தம் தர மறுத்தார்கள். 2025 ஜனவரியில் அதே தெருவைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. கைபேசிப் பேச்சுகள் துண்டு துண்டாக வலைத்தளங்களில் சுற்றின. அந்தக் குற்றச்சாட்டை ஏற்க மாட்டோம், சிபிஐ விசாரிக்கட்டும் என்று சனமும் இயக்கங்களும் நின்றார்கள்.

பாருங்கள். அமெரிக்காவில் ஒடுக்கப்பட்டவன் தன் தலைவனின் குரலைத் தானே வெட்டி எடுத்துத் தன் பாட்டில் வைத்தான். வேங்கைவயலில் ஒடுக்கப்பட்டவனின் குரலை அதிகாரம் வெட்டி எடுத்துக் கோப்பில் வைத்தது. இரண்டும் 'மாதிரி'தான். யார் எடுக்கிறான், எதுக்கு எடுக்கிறான் என்பதில்தான் அரசியல் இருக்கு.

நம்ம குழு என்பதற்காக விமர்சனம் இல்லாமல் விட முடியாது. 19 பேரில் பெண் ஒருவர்தான், இசைவாணி. 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம் பெற்றவர். சபரிமலைக்குப் பெண்கள் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பு சொன்ன காலத்தில் ஐயப்பனை விளித்துப் பாடினார். ஆறு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், அந்தப் பாட்டுக்காக அவர் மேல் புகார், மிரட்டல், வசை. மேடையில் பதினெட்டு ஆம்பளைகள் நிற்கும்போது கல் வந்து விழுந்தது அந்த ஒரு பெண் மேல். சேரியிலும் தப்பை ஆம்பளைகள் கையிலேயே வைத்திருக்கிற நாம் இதற்குப் பதில் சொல்ல வேண்டாமா?

சந்தை விஷயம் இன்னொன்று. 2021இல் அறிவு எழுதிப் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் பூராவும் ஓடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் கதை அதில் இருக்கு என்று அவரே சொன்னார். ஆனால் அந்த ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் அந்தப் பாட்டைப் பேசியபோது அறிவின் முகம் இல்லை. ரஞ்சித் கேட்ட பிறகு, எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் தனியாக ஓர் அட்டை வந்தது. ஊர்ச் சாவில் தாளம் வேணும், ஆள் வேண்டாம். சந்தையிலும் அதே கதைதான்.

ஆகவே, அந்த ஆலங்குடித் தம்பிக்கு இப்போது சொல்கிறேன். தாத்தா மறுத்ததும் சரி, நீ அடிப்பதும் சரி. தாத்தா மறுத்தது தப்பை இல்லை, ஏவலை. "அடிறா" என்கிற அதிகாரத்தை மறுத்தார். அந்த மறுப்பு இல்லாமல் இந்த மேடை வந்திருக்காது. இன்னைக்கு நீ எடுத்தால், எப்ப அடிக்கணும், எப்ப நிறுத்தணும், அடிச்சுக்கிட்டே என்ன பேசணும்னு நீயே முடிவு பண்ணு. பேச்சில்லாமல் சும்மா கலை நிகழ்ச்சிக்கு என்று யாராவது கூப்பிட்டு, தலைக்கு ரிப்பனைக் கட்டி ஆடச் சொன்னால், தாத்தா மாதிரி மாட்டேன்னு சொல்லு.

வேலை இருக்கு. அன்னவாசல், கீரனூர், அறந்தாங்கி என்று உங்கள் சேரிக்குத் திரும்பிப் போங்கள். வயசான தப்பு அடிக்கிறவர்களிடம் உட்காருங்கள். எந்த அடி எதுக்கு, கூலி எவ்வளவு, மறுத்த அன்னைக்கு என்ன நடந்தது என்று கைபேசியில் பதிவு பண்ணுங்கள். அவர்களிடம் கேட்டு, அவர்கள் பேரைப் போட்டுப் பதிவு பண்ணுங்கள். போலீஸ் எடுக்கிறதுக்கு முன்னாடி நம்ம குரலை நாமே எடுத்து வச்சுக்கணும். அதன் மேல் உங்கள் பாட்டை எழுதுங்கள். முதல் வரியைத் தங்கச்சிகள் எழுதட்டும்.

எங்கப்பா இப்ப இல்ல. அவர் குரல் ஒரு பதிவில்கூட இல்ல. அவர் அடிச்ச அடி மட்டும் என் கையில இருக்கு.

ஜெய்பீம்.