கூட்டெருவுக்குச் சந்தை



2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. கூட்டெருவுக்குக் கேள்வி பெருகிற்று. கொடுக்கப் போதிய எரு இருக்கவில்லை. சீனத்துச் சேதனப் பசளை மாதிரியிலே தீங்கான பற்றீரியா காணப்பட்டது. கப்பலை ஏற்க மறுத்தனர். ஆயினும் 2022இல் ஏறத்தாழ 69 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது! தடையோ 2021 நவம்பரிலேயே நீங்கிவிட்டது.

சட்டம் படித்தவன் சொல்கிறேன்: கட்டளையால் வந்த கேள்வி கட்டளையோடு போய்விடும். நம்பிக்கையால் வருவதே நிலைக்கும். ஆதலின் நமது கூட்டுறவுச் சங்கங்கள் எருவைச் சோதித்து, ஈரப்பதனையும் நைதரசன் அளவையும் மூடையிலே பொறித்து, இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் தரத்துக்கு அமைய விற்கட்டும். எருவென்று நம்பித் தண்ணீருக்கு விலைகொடுத்த கமக்காரன், மறுபோகத்தில் நம் வாசலுக்கு வருவானா?