நிழல் தரும் காகிதம்
(ஆரணியில் இளைஞர்கள், வணிகர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்பிற்கினிய சகோதரர்களே! வணிகப் பெருமக்களே! சமுதாயத்தின் இளைய தலைமுறையே!

ஆரணியில் பட்டு வியாபாரம் நடக்கும் விதத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெசவாளியிடம் பட்டு நூலும் ஜரிகையும் கொடுக்கும்போது தராசில் வைத்து எடை பார்ப்பார்கள், நோட்டில் எழுதுவார்கள். சேலையாகத் திரும்பி வரும்போது மறுபடியும் எடை பார்ப்பார்கள். நூலுக்கு இத்தனை கணக்கு! ஆனால் பெற்ற மகனை வளைகுடாவுக்கு அனுப்பும்போது அவன் கையில் இருக்கும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் படித்துப் பார்த்தோம்? சிந்தியுங்கள்!

ஒரு தம்பியின் கதை

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூலை மாதத்தில், நம் பகுதித் தம்பி ஒருவர் ரியாதுக்குப் புறப்பட்டார். "வெயில் கடுமையாக இருக்கும், கவனம்" என்றேன். சிரித்தார். "ஹஜ்ரத், அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே வேலை பார்த்தவன் நான். எனக்கு வெயில் பாடமா?" என்றார். கையில் இருந்தது 'ஃப்ரீ விசா'. அதற்காகத் தாயின் நகை அடகுக்குப் போயிருந்தது.

போய்ச் சேர்ந்து ஐந்தாம் நாள் கட்டட வேலையில் மயங்கி விழுந்தார். கூட இருந்தவர்கள் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல அஞ்சினார்கள். ஏன்? இகாமா இல்லை. வேலை செய்த இடமும் விசா கொடுத்த கஃபீலின் இடம் இல்லை. அறையில் படுக்க வைத்து ஈரத்துணி போர்த்தினார்கள். அல்லாஹ் உயிரைக் காப்பாற்றினான். நான்கு மாதத்தில் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். நகை திரும்பவில்லை.

உங்களிடம் கேட்கிறேன்: அந்தத் தம்பியை வீழ்த்தியது வெயிலா? காகிதம் இல்லாமையா?

வெயிலும் வெயிலும் ஒன்றல்ல

நம் ஊர் வெயிலும் 40 டிகிரியைத் தாண்டும், மறுக்கவில்லை. ஆனால் ரியாதின் கோடை 45 டிகிரிக்கு மேல் ஏறும். அங்கே காற்று வறண்டது. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். உடம்பிலிருந்து தண்ணீர் போவதே தெரியாது. தம்மாம், தோஹா, துபாய் போன்ற கடலோர ஊர்களில் நிலைமை நேர்மாறு. காற்றில் ஈரம் மிகுந்து வியர்வை காயாது. உடம்புச் சூடு தணியாது. இரண்டும் ஆபத்துதான். டிசம்பர், ஜனவரியில் ரியாதில் இறங்கும் தம்பிக்கு வேறொரு சோதனை: இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும், பெட்டியில் ஒரு கம்பளிச் சட்டை இருக்காது.

புதிய வெப்பத்துக்கு உடம்பு பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். வெளியிடங்களில் வெப்பத்தால் ஏற்படும் தொழிலாளர் சாவுகளில் 50 முதல் 70 சதவீதம் வேலையின் முதல் சில நாட்களிலேயே நிகழ்கிறது என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை சொல்கிறது. அதனால்தான் புதியவருக்கு முதல் நாள் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டுவது என்று அங்கே முறை வகுத்திருக்கிறார்கள்.

கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையைச் சற்றுக் குளிர்ந்த நேரம் வரை தாமதப்படுத்த நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள் என்பது நாம் மதரஸாவில் படித்த பாடம். தொழுகைக்கே சலுகை தந்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், "எனக்கு வெயில் ஒன்றும் செய்யாது" என்று வீரம் பேசலாமா?

காத்திருக்கும் நாட்கள்

சவூதியில் வேலை விசாவில் நுழைந்தவருக்கு 90 நாட்களுக்குள் இகாமா எடுக்கப்பட வேண்டும். அதற்கான கட்டணமும், தாமதமானால் வரும் அபராதமும் முதலாளியின் பொறுப்பு. இதைச் சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு இது தெரியாது. "இகாமாவுக்குப் பணம் கட்டு" என்றதும் ஊருக்குப் போன் போட்டுக் கடன் கேட்கிறார்கள்.

அந்த நாட்களில் அவர்கள் நிலை என்ன? இகாமா வரும்வரை வங்கிக் கணக்கு திறக்க முடியாது. மருத்துவமனையில் முதலில் கேட்பது இகாமா எண்ணைத்தான். அந்தத் தம்பி போன்றவர்கள் தெருவில் போலீஸ் வண்டியைக் கண்டால் நெஞ்சு படபடக்க நிற்கிறார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை. அமீரகத்தில் அதே மாதங்களில் 12.30 முதல் 3 வரை. கத்தாரில் 2021 முதல், ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை தடை. ஆனால் இந்தச் சட்டத்தைக் காட்டி "நான் ஓய்வெடுக்கிறேன்" என்று யாரால் வாய் திறக்க முடியும்? ஒழுங்கான காகிதம் உள்ளவரால்! 'ஃப்ரீ விசா'வில் வேறிடத்தில் உழைப்பவர் புகார் கொடுக்கப் போனால் முதலில் அவரே சிக்கிக்கொள்வார். 'ஃப்ரீ விசா' என்ற ஒன்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. அது ஏஜெண்டுகள் வைத்த பெயர்.

ஹஜ்ஜில் கண்ட பாடம்

2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு ஜூன் 17 அன்று மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அவர்களில் 83 சதவீதம் பேர் ஹஜ் அனுமதி இல்லாமல் வந்தவர்கள். தங்க நிழலின்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள்.

ஒரே வெயில்தான் எல்லோர் தலையிலும் எரித்தது. அனுமதி உள்ளவர்களுக்குக் குளிரூட்டிய கூடாரம் இருந்தது, பேருந்து இருந்தது. இல்லாதவர்களுக்குச் சுடும் தார்ச்சாலை! காகிதம் நிழல் தரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மதீனாவின் காய்ச்சல்

புது ஊரின் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளாமல் போவது கோழைத்தனமும் அல்ல, குறையும் அல்ல. மக்காவிலிருந்து ஹிஜ்ரத் செய்து மதீனா வந்ததும் அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோரே காய்ச்சலில் படுத்தார்கள். பாலைவனச் சுடுமணலில் சித்திரவதையைத் தாங்கிய பிலால், மதீனாவின் காய்ச்சலில் மக்காவை எண்ணி ஏங்கினார். அந்த ஊரை ஆரோக்கியமானதாக ஆக்கும்படி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். துஆவோடு நிற்கவில்லை, முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் சகோதரர்களாகப் பிணைத்தார்கள். வந்தவருக்கு வீடு இருந்தது, உணவு இருந்தது, விசாரிக்க ஆள் இருந்தது.

இன்று நம் முஹல்லாவிலிருந்து போகும் பிள்ளைக்கு அங்கே அன்சாரி யார்?

செய்ய வேண்டியவை

தம்பிகளே! பதிவு பெற்ற முகவர் மூலம் மட்டும் செல்லுங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். பத்தாம் வகுப்பு தேறாதவர் எமிகிரேஷன் கிளியரன்ஸ் இல்லாமல் விமானம் ஏற வேண்டாம். அதற்குக் கட்டாயமான பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டில் விபத்து மரணத்துக்கு 10 லட்ச ரூபாய் உண்டு. ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது அங்கும் சட்டவிரோதம். முடிந்தால் கோடையில் போய் இறங்காதீர்கள். வெயில் வேலையில் கால்மணிக்கு ஒருமுறை தண்ணீர் குடியுங்கள். தலைவலி, வாந்தி வந்தால் நிழலுக்குப் போங்கள். கூட இருப்பவர் பேச்சுக் குழறினால் அது உயிர் ஆபத்து. உடம்பை நீரால் குளிரச் செய்து, காகிதம் இருக்கிறதா என்று பார்க்காமல் மருத்துவமனைக்குத் தூக்குங்கள்!

வணிகப் பெருமக்களே! பயணத்துக்குக் கடன் கேட்டு ஒரு பிள்ளை உங்கள் கடைக்கு வருவான். கொடுங்கள். கொடுக்கும் முன் ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். ஜரிகையில் கலப்படம் கண்டுபிடிக்கத் தெரிந்த உங்களுக்குக் காகிதத்தில் கலப்படம் தெரியாதா? கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே! ஜுமுஆவுக்குப் பின் ஒரு மணி நேரம், படித்த இருவர் பள்ளிவாசல் திண்ணையில் அமரட்டும். புறப்படுபவரின் ஆவணங்களைப் பார்க்கட்டும். அவர் போகும் ஊரில் நம்மூர்க்காரர் யார் என்று எழுதிக் கொடுக்கட்டும். 90 நாள் கழித்து ஒரு போன் போட்டு, "இகாமா வந்ததா தம்பி?" என்று கேட்கட்டும். இதற்கு நிதி வேண்டாம், மாநாடு வேண்டாம். மனம் வேண்டும்.

பாவு இல்லாமல் ஊடை ஓட்டினால் சேலை ஆகாது, நூல்தான் சிக்கும். காகிதம் பாவு, உழைப்பு ஊடை. பாவைச் சரி பார்க்காமல் நம் பிள்ளைகளின் உழைப்பை இனியும் ஓட விடலாமா?

வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் அல்லாஹ் நலமாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.