“நான் என்ன பாவம் செய்தனான்?”
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



மகிழ்ச்சியைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். ஆனால் நான் துன்பத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. என் தொழில் அப்படி.

ஆண்டு எட்டில் எங்களைக் களனி விகாரைக்குக் கூட்டிச் சென்றது நினைவிருக்கிறது. சோற்றுப் பார்சல்களை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது சரித்திர மிஸ் மகாவம்சக் கதையொன்றைச் சொன்னார். களனிதிஸ்ஸ மன்னன் குற்றமற்ற தேரர் ஒருவரைச் சந்தேகித்துக் கொன்றான். தேவர்கள் கோபங்கொண்டு கடலைப் பொங்கச் செய்தார்கள். ஊர்கள் அழிந்தன. மன்னன் தன் மகளைப் பொற்கலத்தில் ஏற்றிக் கடலில் விட்டான். அவள் கரைசேர்ந்து, காவந்திஸ்ஸ மன்னனை மணந்து, விகாரமகாதேவியானாள்.

என் பக்கத்தில் இருந்த தோழி கேட்டாள்: “பிழை விட்டது ராசா. செத்த சனம் என்ன செய்தது, மிஸ்?”

மிஸ் சற்று யோசித்துவிட்டு, “அந்தக் கேள்வியை விட்டுவிடாதே” என்றார்.

அது மிகப் பழைய கேள்வி. 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாளன்று லிஸ்பன் நகரில் நிலம் நடுங்கியது. ஆலயங்களில் வழிபட்டுக்கொண்டிருந்தவர்களும் மாண்டார்கள். ‘எல்லாம் நன்மைக்கே’ என்ற தத்துவத்தை வோல்டயர் அப்போது கேள்விக்குட்படுத்தினார். 2004 டிசம்பர் 26 அன்று நம் நாட்டில் 30,000க்கும் அதிகமானோரைக் கடல் கொண்டுபோனது. அப்போதும், பாவம் கூடியதால் வந்த அழிவு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலத்தட்டு நழுவியதற்குக் கல்முனையில் ஒரு குழந்தை என்ன செய்திருக்க முடியும்?

சில வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் தன் மகனைக் கொண்டுவந்தார். ஏழு வயது. இரத்தப் புற்றுநோய். “நான் என்ன பாவம் செய்தனான், டொக்டர்?” என்று கேட்டார். நான் கலங்களைப் பற்றி விளக்கினேன். அவர் தலையாட்டினார். பதில் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகுதான் அந்த வீட்டு நிலைமை தெரியவந்தது. அவர் சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்கும் போகவில்லை. மூத்த மகள் சிரித்தால் ஏச்சு. ஒருநாள் பையன் என்னிடம் இரகசியமாகக் கேட்டான்: “நான் குழப்படி செய்தபடியாலோ எனக்கு இந்த வருத்தம் வந்தது?”

கட்டிலில் அவனருகே உட்கார்ந்தேன். “குழப்படிக்கு வருத்தம் வருமென்றால் எனக்குத்தான் முதலில் வந்திருக்கும். என் பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்” என்றேன். அவன் சிரித்தான். தாயும் சிரித்தார். நான் பார்க்க அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இந்த நோய் வரும் பிள்ளைகளில் பலர் இன்று குணமடைகிறார்கள். அவன் குணமடையவில்லை. ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் கடைசி மாதங்களில் அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது. அக்காவும் தம்பியும் கெரம் விளையாடிச் சண்டை பிடித்தார்கள்.

துன்பம் பாவத்தின் சம்பளம் என்றால் மகிழ்ச்சி புண்ணியத்தின் சம்பளம் ஆகிவிடும். அப்போது சுகமாக இருப்பவருக்குத் தலைக்கனம் வரும். துன்பப்படுபவருக்குச் சிரிக்கவே வெட்கம் வரும். நோய் ஒரு முறை அடிக்கிறது. இந்தக் கணக்கு இரண்டாம் முறை அடிக்கிறது. முதலாவதை எப்போதும் என்னால் தடுக்க முடிவதில்லை. இரண்டாவதை நாம் எல்லோரும் தடுக்கலாம்.

நம் சமயங்களிலேயே இதற்கு இடமுண்டு. நாம் அனுபவிப்பதெல்லாம் முன்வினைதானா என்று சீவகர் என்ற துறவி கேட்டபோது, புத்தர் பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் என்று எட்டுக் காரணங்களைச் சொன்னார். வினைப்பயன் அவற்றில் ஒன்று மட்டுமே. விவிலியத்தில் யோபுவின் நண்பர்கள் ஏழு நாட்கள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் பிழைத்துப்போனது.

தங்கைகளே, உங்கள் தோழியின் வீட்டில் துன்பம் நேர்ந்தால் காரணம் தேடிக்கொண்டு போகாதீர்கள். சோற்றுப் பார்சலோடு போங்கள். பக்கத்தில் இருங்கள். அவள் மறுபடி சிரிக்கும் நாளில் நீங்களும் சேர்ந்து சிரியுங்கள்.

மிஸ், அந்தக் கேள்வியை நாங்கள் இன்னும் விட்டுவிடவில்லை.