உத்தியோகமும் உள்ளக் கவர்ச்சியும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் புன்முறுவல் செய்கின்றனர்; பின்வரிசை இளைஞரோ தலைகுனிந்துகொண்டனர். "பெடியன் என்ன செய்யிறான்?" என்று கேட்பவர்கள் முன்னே இருக்கிறார்கள், விடை சொல்ல வேண்டியவர்கள் பின்னே இருக்கிறார்கள்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே தலைவனுக்கும் தலைவிக்கும் ஒத்திருக்க வேண்டியவை பத்து என்கிறார். பிறப்பு, குடிமை, வயது, உருவு, அருள், உணர்வு, திரு என்று அப்பட்டியல் போகிறது. சோதிடரும் பத்துப் பொருத்தம் பார்க்கிறார். இந்த இருபதிலும் உத்தியோகம் என்று தனியே ஒன்றில்லை. நடைமுறையிலோ இந்த இருபத்தோராவது பொருத்தமே முதலாவதாகப் பார்க்கப்படுகிறது!

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தார் வாக்கு. நம்மவரும் அதற்குப் பின்நின்றவர்களல்லர். ஒரு காலத்தில் மலாயா ரெயில்வேயில் எழுதுவினைஞராகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் இருந்தவருக்கே மாப்பிள்ளைச் சந்தையில் முதலிடம். இத்துறைமுகத்திலே பிரித்தானியக் கடற்படை இருந்தவரையில் டொக்யாட் வேலைக்கும் ஒரு மதிப்பிருந்தது. 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. வெள்ளைக்காரனை நம்பியிருந்த வேலைகள் போயின. அதற்கு முந்திய ஆண்டில் வந்த தனிச்சிங்களச் சட்டம் அரசாங்க எழுதுவினைஞர் பதவியின் வாசலையும் நம் பிள்ளைகளுக்கு ஒடுக்கியது. பின்னர் மத்தியகிழக்கு, அதற்கும் பின்னர் கனடா, இலண்டன். இன்றைய மணமகன் விளம்பரத்தில் நிரந்தர வதிவிட உரிமை முதலில் வருகிறது, குணம் பின்னால் வருகிறது. அழகன் என்றும் விரும்பத்தக்கவன் என்றும் ஊர் சொன்ன ஆள் இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறான்.

இதை வெறும் பேராசை என்று தள்ளிவிடுவோர்க்கு நாம் உடன்படோம். பெண்ணைப் பெற்ற தாய் கோப்புக் கட்டையோ நாற்காலியையோ கண்டு மயங்குவதில்லை. அரசாங்க உத்தியோகத்தரின் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் உண்டு. 1898ஆம் ஆண்டிலேயே அதற்கு ஒரு சட்டம் பிறந்தது. கடலுக்குப் போனவன் கரை திரும்பாத வீட்டிலே மாதம் பிறந்தால் யார் வந்து கொடுப்பார்? இந்தக் கரையிலே 2004 மார்கழியைக் கண்ட தாய் அப்படி எண்ணுவதில் வியப்பென்ன?

உலகமும் பெரிதும் வேறல்ல. அமெரிக்க உளவியலாளர் டேவிட் பஸ் 1989இல் வெளியிட்ட ஆராய்ச்சி 37 பண்பாடுகளைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை வினவியது. ஆணின் சம்பாத்தியத்தைப் பெண்கள் கருதும் அளவுக்கு, பெண்ணின் சம்பாத்தியத்தை ஆண்கள் கருதவில்லை என்று கண்டார். ஆயினும் அதே ஆராய்ச்சியில் இருபாலாரும் சம்பாத்தியத்துக்கு மேலே வைத்தவை அன்பும் அறிவும். இந்தப் பிற்பகுதியை நம் தரகர்மார் அறியவில்லை போலும்.

நிற்க. நமக்கு அணித்தான சான்று ஒன்று உண்டு. நற்றிணையின் நாற்பத்தைந்தாவது பாட்டைப் பாருங்கள். விரைந்த தேரிலே செல்வன் மகன் கடற்கரைக்கு வருகிறான். மீன்பிடிப்பவர் மகள்மேல் காதல் கொள்கிறான். தோழி அவனை வழிமறிக்கிறாள். இவள் சிறுகுடியைச் சேர்ந்தவள், நீ கடைவீதி பொலியும் மூதூரைச் சேர்ந்தவன். நாங்கள் மீன் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள்மேல் புலால் நாறும், விலகி நில் என்கிறாள். அத்துடன் விட்டாளா? எங்களுக்குள்ளேயும் மேன்மக்கள் உண்டு என்று முடிக்கிறாள். தொழிலின் மணத்தை மறைக்கவுமில்லை, அதற்காகக் கூசவுமில்லை. திருக்கடலூர்க் கரையிலே நின்று கேட்டாலும் இந்தப் பேச்சு அந்நியமாகத் தோன்றாது.

இன்று நமது பிள்ளைகளுக்கு இல்லாதது அந்தக் கூசாமைதான். துறைமுகத்திலே பாரந்தூக்கி ஓட்டுபவனும் சீனன்குடா மா ஆலையிலே இராவேலை செய்பவனும் உழைத்து வீடு கட்டுகிறான். பெண் கேட்கும்போது மட்டும் தொழிலை மெல்லச் சொல்கிறான். 2012இல் கிழக்குக் கரையிலிருந்து அவுஸ்திரேலியாவை நோக்கிப் படகேறியவர்களை நினையுங்கள். போரின் வடுவும் வறுமையும் அச்சமும் அவர்களைத் துரத்தின. கலியாணத்துக்காகப் போனார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் ஊரிலே நின்றால் யார் பெண் தருவார் என்ற பேச்சும் அக்காலத்தில் நம் காதில் விழுந்ததுண்டு.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். என்ன செய்கிறான் என்று கேளுங்கள். அது உங்கள் கடமை. அத்துடன், எப்படிச் செய்கிறான் என்றும் விசாரியுங்கள். கடன் எவ்வளவு, சம்பளநாள் மாலையில் கால் வீட்டுக்குப் போகிறதா தவறணைக்குப் போகிறதா, உடன் வேலை செய்பவர் அவனைப் பற்றி என்ன சொல்கிறார் என்பவற்றை அறிவது கடினமல்ல. பெண்ணையும் கேளுங்கள். அவளே இன்று ஆசிரியையாகவோ தாதியாகவோ உழைக்கிறாள்; ஓய்வூதியம் அவள் பெயரிலேயே இருக்கலாம். அப்படியானால் முந்திய அச்சத்திற் பாதி போய்விட்டதல்லவா?

வாலிபர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் தொழிலைத் தராசில் வைக்கிறார்கள் என்று முறையிடுகிறீர்கள். பெண் உத்தியோகம் பார்க்க வேண்டும், மாதச் சம்பளம் வர வேண்டும், அதற்கு மேல் சீதனமும் வேண்டும் என்று உங்கள் வீட்டார் கேட்கும்போது அருகிலே பேசாமல் இருந்தவர் எத்தனை பேர்?