நடைபாதைக்கு வந்து சேரும் வழிகள்

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் வீடற்றோர் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர் என்கிறது. கணக்கில் எல்லாரும் ஒரே தலைப்பின் கீழ் வருகிறார்கள். தெருவுக்கு வந்த வழியோ ஆளுக்கு ஆள் வேறு. சென்னை நடைபாதைகளே அதற்குச் சான்று.

முதலில் பாரிமுனை. அங்கே தெருவுக்கு யாரும் புதிதாக வந்துவிடவில்லை. தெருவிலேயே பிறந்தவர்கள் இருக்கிறார்கள். கொத்தவால் சாவடிச் சந்தையில் மூட்டை தூக்கவும் வண்டி இழுக்கவும் வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1996இல் மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது, குடும்பங்கள் தங்கிவிட்டன. காலையில் கடை திறக்குமுன் பாயும் பாத்திரமும் மூட்டையாகிச் சுவரோரம் ஒதுங்கிவிடும். இரவு கடை அடைத்த பிறகு மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டினால்தான் சோறு. கட்டணக் கழிப்பறைக்கு ஒவ்வொருவரும் காசு கொடுக்க வேண்டும். கூலியில் ஒரு பங்கு அதற்கே போகிறது. இவர்களைச் சோம்பேறிகள் என்பது பெரும் பொய். பிழைப்பு இருக்கும் இடத்தை விட்டுப் போக முடியாததால்தான் ஏழை நடைபாதையில் தங்குகிறான் என்பதை, பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமே 1985இல் ஏற்றுக்கொண்டது. பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையின் பகுதி என்றும் சொன்னது. ஆனாலும் அவர்களை அப்புறப்படுத்த அதே தீர்ப்பு வழிவிட்டது.

இன்னொரு வழி, வீடு கொடுப்பதாகச் சொல்லியே திறக்கப்படுகிறது. 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்த குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற நகரின் ஓரங்களுக்குக் கொண்டுபோய் விடப்பட்டன. அங்கே சுவர் உண்டு, கூரை உண்டு. ஆனால் வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்கு, வேலை செய்த வீடுகள் எட்டாத தொலைவுக்குப் போய்விட்டன. பஸ்ஸுக்கே கூலி கரைந்தால் மறுபடி நகருக்குள் ஒதுங்கத்தான் இடம் தேட வேண்டியிருக்கிறது. வாடகைக்குப் போகலாமே என்றால் அட்வான்ஸ் பணத்துக்கு எங்கே போவது?

வீட்டுக்குள்ளிருந்தே தெருவுக்குத் தள்ளப்படுகிறவர்களும் உண்டு. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி, பிறந்த வீடும் சேர்த்துக்கொள்ளாத பெண். குடும்பம் விரட்டிய திருநங்கை. சொத்தை எழுதி வாங்கிக்கொண்ட பின் பிள்ளைகள் கைவிட்ட முதியவர். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்?

மனநோய் கொண்டுவந்து விடும் வழி எல்லாவற்றிலும் கொடியது. எந்த ரயிலில் ஏறினோம் என்று தெரியாமல், மொழி தெரியாத ஊரில் இறங்கி, பெயரையும் ஊரையும் சொல்ல முடியாமல் நிற்பவர்கள் இவர்கள். இத்தகைய பெண்களுக்காகவே 1993இல் சென்னையில் ‘தி பேனியன்’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. சிகிச்சை கிடைத்தால் பலருக்கு ஊர் நினைவு வருகிறது, வீடு திரும்பவும் முடிகிறது. இப்படி அலைபவர்களைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது காவல்துறையின் கடமை என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

ஒரு லட்சம் மக்களுக்கு ஓர் இரவுக் காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. அது கட்டாயம் வேண்டும். மழையில் நனைபவருக்கு முதலில் கூரைதான் தேவை. ஆனால் கணவனை ஒரு காப்பகத்திலும் மனைவியை இன்னொன்றிலும் வைத்தால் பாரிமுனைக் குடும்பம் அங்கே போகாது. மனநோயாளிக்கு மருத்துவர் இல்லாத காப்பகத்தால் பயனில்லை. அடிபட்டு வந்த பெண்ணுக்குப் பாயோடு பாதுகாப்பும் வேண்டும், வழக்கறிஞரும் வேண்டும்.

ஆகவே மாநகராட்சிக்கும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கும் வைக்க வேண்டிய கோரிக்கை இதுதான்: காப்பகத்துக்கு வரும் ஒவ்வொருவரும் எந்த வழியாக வந்தார் என்று கேட்டு, அதற்கேற்ற உதவியைச் செய்யுங்கள்; தலைமுறை தலைமுறையாக நடைபாதையில் உழைக்கும் குடும்பங்களுக்கு, அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே வீடு ஒதுக்குங்கள்.