வன்னி மண்ணில் சமூகவியற் கல்வி வேண்டும்!

(கிளிநொச்சியில் மாணவரும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

பல்கலைக் கழகத்திலே சமூகவியல் பயில்வதால் ஆவது என்ன என்று பேசும்படி எம்மைப் பணித்திருக்கிறீர்கள். நாம் ஆசிரியரல்லோம். நீதிமன்றிலும் பொதுமேடையிலும் நாட்களைக் கழித்தவர்கள். ஆயினும் அவ்விரண்டு இடங்களிலும் நாம் கற்ற பாடம் ஒன்றே. மக்களை அறியாதவன் மக்களுக்காக வாதாட முடியாது.

சமூகவியல் என்பது யாது? உறவும் சாதியும், காணியும் தொழிலும், கோவிலும் பள்ளிக்கூடமும் மனிதரை எவ்வாறு சேர்க்கின்றன, எவ்வாறு பிரிக்கின்றன என்பதைக் கண்டும் கேட்டும் எண்ணியும் ஆராயும் கல்வியே அது. உயர்தர வகுப்பில் இப்பாடம் இல்லை. பல்கலைக் கழகத்துக்குப் போனபின்பே மாணவன் இதன் முகத்தைக் காண்கிறான். அதனாலேதான் வேறொன்றும் கிடையாதவர் எடுக்கும் பாடமென்று இதனை ஏளனம் செய்கிறார்கள்.

எம் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் கூறுவோம். வடபகுதித் தமிழரின் முதுசொம், சீதனம், தேடியதேட்டம் பற்றிய வழக்குகளில் இன்றும் தேசவழமைச் சட்டம் பேசுகிறது. அதனை 1707ஆம் ஆண்டு எழுதித் தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி. பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தார்கள். அந்த நூலிலே அடிமைகளைப் பற்றியும் விதிகள் உள. அவற்றை அடிமைகளிடம் காட்டிச் சரியோ பிழையோ என்று கேட்டதாக வரலாறு இல்லை! யாரைக் கேட்கிறோமோ அவர் சொன்னதே வழமையாகிறது. வழமையே பின்னர் சட்டமாகிறது. கேட்கப்படாதவனுக்கு அச்சட்டத்தில் இடமில்லை. இதனை எமக்குச் சட்டக் கல்வி கற்பிக்கவில்லை. சமூகவியலே கற்பிக்கும்.

இன்னுமொன்று. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகிய குளங்களின் கீழே குடியேறியவர்கள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப் பத்திரம் பெற்றவர்கள். பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதவிடத்து அச்சட்டம் பெண்மக்களுக்கு முன்னே ஆண்மக்களை வைத்தது. தாயின் சீதனம் மகளுக்குச் சேரும் வழமையுள்ள மண்ணிலே இது எத்தனை குடும்பங்களைக் குலைத்திருக்கும்! போருக்குப் பின்னர் பெண்ணே குடும்பத்தைத் தாங்கும் வீடுகள் வன்னியெங்கும் பெருகிய காலத்திலும் அந்த விதி அப்படியே நின்றது. 2022இல்தான் திருத்தம் வந்தது. எண்பத்தேழு ஆண்டுகள்! வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்து, ‘இதோ பாருங்கள்’ என்று காட்டும் கற்றோர் படை எம்மிடம் இருந்திருந்தால் இவ்வளவு காலம் சென்றிருக்குமா?

வன்னியைப் பற்றி எவரும் எழுதவில்லை என்று கூறவில்லை. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1895இல் வன்னி மாவட்டங்களின் கைந்நூலை வெளியிட்டார். அது ஆள வந்தவர் எழுதியது. எமக்குத் தெற்கே நுவரகலாவியாவிலுள்ள புல்எலிய என்னும் குளக்கிராமத்தில் எட்மண்ட் லீச் 1954இல் தங்கி ஆராய்ந்தார். 1961இல் அவர் வெளியிட்ட நூலால் அச்சிற்றூரின் பெயர் உலகப் பல்கலைக் கழகங்களில் ஒலித்தது. அத்தகைய குளங்கள் வன்னியில் நூற்றுக் கணக்கில் உள. அவற்றின் நீர்ப்பங்கீட்டையும் உறவுமுறையையும் எழுத எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேரை ஆயத்தம் செய்தோம்? எம்மவரால் இயலாததன்று. ஈழத்தமிழ்க் குடும்பத்திலே பிறந்த ஸ்டான்லி தம்பையா இலங்கைப் பல்கலைக் கழகத்தில் 1951இல் பட்டம் பெற்று, பின்னர் ஹார்வர்ட் பல்கலைக் கழகத்தின் பேராசிரியராக உயர்ந்தவரல்லவா?

2009க்குப் பின்னர் எத்தனை படிவங்கள் இங்கே வந்தன! எத்தனை பேர் வந்து, ‘வீட்டிலே எத்தனை பேர், யாரை இழந்தீர்கள், கிணறு உண்டா’ என்று கேட்டார்கள்! கேட்டவர்கள் போயினர். பதில்களும் அவர்களோடு போயின. நாம் பதில் சொல்லும் மக்களாகவே இருந்துவிட்டோம். கேள்வி கேட்கும் மக்களாக எப்போது ஆவோம்?

இன்று நிலைமை யாது? யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தின் விவசாயம், பொறியியல், தொழினுட்பப் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள. வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு முதலாந் திகதி தனிப் பல்கலைக் கழகமாயிற்று. பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கை, தொழினுட்பக் கற்கை என மூன்று பீடங்களோடு அது உயர்ந்தது. மகிழ்ச்சியே. ஆனால் நெல்லை ஆராயப் பீடம் உண்டு. நெல்லை விதைக்கும் மனிதனை ஆராயப் பீடம் எங்கே? சமூகவியலை நாடும் முல்லைத்தீவு மாணவி யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோ செல்லவேண்டியிருக்கிறது.

‘படித்தால் உத்தியோகம் கிடைக்குமா?’ என்று பெற்றோர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பட்டம் பெற்ற மறுநாள் உத்தியோகம் வாசலில் நிற்கும் என்று பொய்யுரைக்க மாட்டோம். பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியோரத்தில் அமர்ந்ததை நாமும் கண்டோம். ஆனால் கொப்பியிலுள்ள குறிப்பை மனனஞ் செய்து பெற்ற பட்டம் வேறு; ஊருக்குள் இறங்கி, கேட்டு, எண்ணி, ஒப்பிட்டு, அறிக்கை எழுதப் பழகிய பட்டம் வேறு. பின்னையது கையிலுள்ள தொழில். பிரதேச செயலகத்துக்கும் அது வேண்டும்; நீதிமன்றுக்கும் வேண்டும்.

ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். இக்கல்வி எம்மையும் கேள்வி கேட்கும். எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம்? எழுபதுகளில் மலையகத்திலிருந்து அஞ்சி வந்து காடு வெட்டியவர்களுக்குக் காணி உறுதி எங்கே? கோவில் நிருவாகத்தில் யார் பெயர் இல்லை? இக்கேள்விகள் எம் போன்ற அரசியல் செய்வோருக்குக் கசக்கும். கசந்தாலும் வேண்டும். பிறர் அநீதியை எண்ணக் கற்ற கை, நம் அநீதியையும் எண்ணவேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. வன்னி மண்ணிலே சமூகவியல் பயிலப் பட்டநெறி வேண்டும். அதனைப் பயிலும் ஒவ்வொருவரும் ஒரு கிராமத்தை ஆராய்ந்து எழுதி, அதன் பிரதியை அக்கிராமத்து வாசிகசாலையில் வைக்கவேண்டும். தமிழிலே தரமான பாடநூல்கள் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! அதுவரை காத்திராதீர்கள். எங்கு இடம் கிடைக்கிறதோ அங்கு சென்று படியுங்கள். படித்தபின் திரும்பி வாருங்கள். உங்கள் ஊரின் குளக்கட்டிலே இருக்கும் முதியவரின் அருகில் அமர்ந்து முதற் கேள்வியைக் கேளுங்கள். அவர் இன்னும் நெடுநாள் இருக்க மாட்டார்.