மழை மாதத்து ஆயிரம் ரூபாய்



குமரி மாவட்டத்துக் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுக்கும் மழைக்கும் ஆகாது. விடியுமுன் தோட்டத்துக்குள் போய்ப் பட்டையைச் சீவிவிட்டு, சிரட்டையில் பால் இறங்கக் காத்திருக்கிற வேலை அது. பட்டை நனைந்திருந்தால் பால் மரமெங்கும் வழிந்து வீணாகும். அன்றைக்கு வெட்டு கிடையாது. மரத்துக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டி வெட்டுவதும் உண்டு, ஆனால் அடைமழைக்கு அது தாங்காது. குமரி மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. போதாக்குறைக்கு, மரம் இலை உதிர்க்கும் வாரங்களிலும் வேலை நிற்கும். மழை பிடிக்கிற ஜூன் மாதத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை இங்கிருந்து பார்க்க வேண்டும். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்கு மாதம் ஆயிரம் ரூபாய். ‘ஆயிரத்தில் என்ன ஆகும்?’ என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். வெட்டு இல்லாத மாதத்திலும் அது வந்துவிடும் என்பதுதான் விஷயம். நோட்டுப் புத்தகம் வாங்க வட்டிக்குக் கை நீட்ட வேண்டாம்.

பணம் அம்மா கைக்குப் போவதும் சும்மா வந்துவிடவில்லை. பிரிட்டனில் 1945-இல் குடும்பப் படிச் சட்டம் வந்தபோது, முதல் வரைவு பணத்தை அப்பாவுக்குத்தான் எழுதியிருந்தது. அந்தப் படிக்காகப் பல்லாண்டுகள் போராடிய எலினோர் ராத்போன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் முரண்டு பிடித்து, அதைத் தாய் பெயருக்கு மாற்ற வைத்தார். 1946 ஆகஸ்டில் முதல் தொகை வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அந்தச் சட்டம் குழந்தைகளை எண்ணியது: இரண்டாவது குழந்தை முதல், தலைக்கு வாரம் 5 ஷில்லிங். நம் உரிமைத் தொகை குடும்பத்தை எண்ணுகிறது. வீட்டில் ஒரு பிள்ளையோ மூன்று பிள்ளைகளோ, ஆயிரம்தான். 2025-இல் வந்த அன்புக் கரங்கள் திட்டம் பிள்ளைக்கென்றே மாதம் 2,000 ரூபாய் தருகிறது. ஆனால் அது பெற்றோரை இழந்து ஆதரவற்று நிற்கும் பிள்ளைகளுக்கு. பெற்றோர் இருந்தும் வேலை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கென்று தனிக்கணக்கு இல்லை.

பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. உரிமைத் தொகையோடு, படிக்கிற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தொகை சேர்க்கலாம். அதை மே மாதக் கடைசியிலேயே போட்டுவிட்டால் நல்லது.